இன்னொரு பச்சைக் கார்

அத்தியாயம் பதினொன்று

“யாருடா அவன், நம்மளப் பாத்து லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறான்?”

மேட்ரன் அக்கா கேட்டு முடிப்பதற்குள், தம்பியும் பதிலுக்கு இரண்டு தரம் லைட்டைப் போட்டு அணைத்துவிட்டு, காரைப் பெட்ரோல் பங்க்குக்குள் திருப்பிவிட்டான்.

“பெட்ரோல் நேத்தே போட்டாச்சேடா!”

“பெட்ரோலுக்கு இல்லக்கா. அவர் லைட் போட்டாரு. நின்னுதான் ஆகணும். அதுதான் எங்க மரியாதை.”

“எங்க மரியாதைன்னா? எனக்குத் தெரியாம அது எந்தக் குடும்பத்து மரியாதை?”

தம்பி கையை நீட்டிக் காட்டினான். எதிர்ச்சாரியிலிருந்து இன்னொரு பச்சைக் கார் மெல்ல வளைந்து பங்க்குக்குள் வந்துகொண்டிருந்தது. தம்பியுடையதைப் போலவே இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. அதே கரும்பச்சை, அதே கம்பிச் சக்கரம், மடித்து வைத்த அதே கித்தான் கூரை. சத்தம்கூட அதே சத்தம்தான், நெஞ்சில் சளி கட்டிய கிழவர் இருமுவது போல.

பிரசவ ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற மேட்ரன் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். இன்றைக்கு வழியில் எங்கும் நிற்கக் கூடாது என்பதற்காகவேதான் அவர் தம்பியைத் தனியே விடாமல் கூட ஏறி உட்கார்ந்து வந்தார்.

தம்பி பல் டாக்டர். கைராசிக்காரன் என்று பெயர். ஆனால் கிளினிக்கை மூடினால் வீட்டுக்குள் வர மாட்டான். வீட்டை ஒட்டிய ஷெட்டுக்குப் போய் அந்தக் காருக்கு அடியில் படுத்துக்கொள்வான். கணக்கு டீச்சரான அவன் மனைவி வருஷக்கணக்கில் பொறுத்துப் பார்த்தாள். போன மாதம் அவன் எஞ்சின் மூடிக்குப் புதுப் பெயின்ட் அடித்து, அது சீக்கிரம் காயட்டும் என்று அவளுடைய கேக் சுடும் அடுப்பில் வைத்தான். மறுநாள் அதே அடுப்பில் அவள் தன் பள்ளிக்கூடத்துத் தோழிகளுக்காகக் கேக் சுட்டாள். வந்தவர்கள் பெயின்ட் வாடையைப் பொறுத்துக்கொண்டு மரியாதைக்கு ஆளுக்கொரு துண்டு தின்றார்கள். அன்று சாயங்காலமே அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வருவது அவமானம் இல்லை. அதை வைத்து அடுத்த குடும்பம் சிரிப்பதுதான் அவமானம். மேட்ரன் அக்காவின் எண்ணம் இதுதான். அதனால் அவரே அந்த அண்ணன் வீட்டுப் படியேறினார். “காரை வித்துட்டு, சனிக்கிழமை பதினோரு மணிக்கு நானே வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். அந்தக் கார் இனி நம்ம வீட்டுல இருக்காது. இது என் வாக்கு” என்றார்.

தம்பி மனைவி தலையை ஆட்டினாள். ஆனால் அவள் அண்ணன் ஆடிட்டர். வாய் சும்மா இருக்காது.

“உங்க குடும்பத்து வாக்கும் உங்க தம்பி காரும் ஒரே ஜாடைக்கா. கிளம்பும்போது சத்தம் பலமா இருக்கும். ஊர் போய்ச் சேராது.”

அந்தச் சிரிப்பு இன்னும் மேட்ரன் அக்காவின் காதில் இருந்தது. இன்றுதான் அந்தச் சனிக்கிழமை. காரை வாங்குவது ஒரு ஹோட்டல் முதலாளி. அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து டாக்ஸியில் ஆடிட்டர் வீடு. இடையில் இப்படியொரு மரியாதை முளைத்துவிட்டது.

இன்னொரு பச்சைக் காரிலிருந்து உயரமான பெரியவர் ஒருவர், முதலில் ஒரு காலை, பிறகு முதுகை, பிறகு இன்னொரு காலை என்று தவணை முறையில் இறங்கினார். தன் பேரைச் சொல்லவில்லை. எந்த வருஷத்து வண்டி என்று சொன்னார். தம்பியும் தன் வண்டியின் வருஷத்தைச் சொன்னான். இருவரும் கைகுலுக்கிக்கொள்ளக்கூட இல்லை. அவர் இவன் காரைத் தடவிக் கொடுத்தார். இவன் அவர் காரைத் தடவிக் கொடுத்தான்.

“உங்களுக்கு மழைத்தண்ணி எந்தப் பக்கம் எறங்குது?”

“இடது முழங்கால்ல. உங்களுக்கு?”

“ரெண்டுலயும்!”

இதைச் சொல்லிவிட்டு இருவரும் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர்கள் போலச் சிரித்தார்கள்.

“டேய், கிளம்புடா” என்றார் மேட்ரன் அக்கா.

“ரெண்டே நிமிஷம்க்கா. சார் கப்பல்ல சீஃப் எஞ்சினியரா இருந்தவரு.”

“விமானத்துல இருந்தாலும் சரி. ஹோட்டல்காரர் காத்திருப்பாரு.”

ஹோட்டல்காரர் என்றதும் தம்பி முகம் விழுந்தது. “விக்கப் போறேன் சார். இன்னிக்கு. ஹோட்டல் வரவேற்பறையில நிறுத்தி, உள்ள பூந்தொட்டி வைப்பாங்களாம்.”

கப்பல்காரர் தொப்பியைக் கழற்றினார். துக்கம் கேட்பவர் போல ஒரு கணம் நின்றார். பிறகு, “தப்பா நினைக்காதீங்க, இந்த மாதிரி வண்டி எதைப் பாத்தாலும் நான் கேக்கறதுதான். உங்க எஞ்சின் நம்பர் என்ன?” என்றார்.

கல்யாண நாள் எது என்று கேட்டால் விட்டத்தைப் பார்க்கிற தம்பி, எஞ்சின் நம்பரை மூச்சுவிடாமல் ஒப்பித்தான்.

“இன்னொரு தரம் சொல்லுங்க.”

இன்னொரு தரம் ஒப்பித்தான். கப்பல்காரர் தன் காரின் பானெட்டைத் தூக்கினார். உள்ளே எஞ்சின் பாத்திரம் கழுவி வைத்தது போலப் பளபளத்தது. பக்கவாட்டில் இரும்பிலேயே வெட்டியிருந்த நம்பரை விரலால் காட்டினார். தம்பி குனிந்து படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான்.

“இது என் நம்பர்.”

“ஆமா. என் வண்டியில கம்பெனி அடிச்ச தகட்டுல வேற எஞ்சின் நம்பர் இருக்கு. எஞ்சின்ல இது இருக்கு. இது யாரோடதுன்னு தேடாத இடமில்ல.”

“என் தகட்டுல இருக்கறது இதுதானே சார்!”

“தகட்டுல இருக்கட்டும். உங்க எஞ்சின் மேல என்ன இருக்குன்னு பாத்திருக்கீங்களா?”

தம்பி பார்த்ததில்லை. தகட்டில் இருப்பதுதான் எஞ்சினிலும் இருக்கும் என்று இத்தனை வருஷமும் இருந்துவிட்டான். தன் காரின் பானெட்டைத் திறந்தான். நம்பர் இருக்கும் இடத்தில் எண்ணெயும் புழுதியும் ஏடு கட்டிக் கிடந்தன. உடனே காருக்குள் கைவிட்டு, பல்லில் படிந்த கறையைச் சுரண்டுகிற கம்பியையும், வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியையும் எடுத்தான். இவை எதற்குக் காரில் இருக்கின்றன என்று மேட்ரன் அக்கா கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவான்.

நோயாளிக்கு வலிக்கக் கூடாது என்பது போலப் பதமாகச் சுரண்டினான். ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. ஒவ்வொன்றையும் அவன் படிக்கப் படிக்க, கப்பல்காரர் அடுத்த எழுத்தை முன்னாலேயே சொன்னார்.

“என் எஞ்சின்” என்றார் கடைசியில்.

“இது எப்படிடா நடக்கும்?” என்றார் மேட்ரன் அக்கா. வேண்டாம் என்று நினைத்தும் காரைவிட்டு இறங்கிவிட்டார்.

கொஞ்ச நேரம் இருவரும் ஞாபகத்தைக் கிளறினார்கள். ஒரே வருஷத்தில் இரண்டு பேரும் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரே பட்டறையில் பெயின்ட் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். பட்டறைக்காரர் இரண்டு எஞ்சினையும் இறக்கித் துடைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். அப்புறம் எது யாருடையது என்று அவருக்கே குழம்பிவிட்டது. தம்பிக்கு ஃபோன் போட்டு, வந்து அடையாளம் காட்டுங்கள் என்றிருக்கிறார்.

“காட்டினியா?”

“காட்டினேன்க்கா.”

“எதை?”

தம்பி கம்பியைத் துடைத்துக்கொண்டே, “எது அழகா இருந்துதோ அதை” என்றான்.

“நம்பரைப் பாக்கலையா?”

“நம்ம எஞ்சினை நமக்குத் தெரியாதான்னு நினைச்சேன்க்கா. பட்டறைக்காரன் நம்பர் பாப்போம்னுதான் சொன்னான். நான்தான், அட போய்யா, பெத்தவனுக்குப் பிள்ளையைத் தெரியாதான்னு கேட்டேன்.”

மேட்ரன் அக்காவுக்கு உச்சந்தலைவரை ஏறியது. “என் வார்டுல ஆயிரக்கணக்குல குழந்தைங்க பொறந்திருக்கு. ஒண்ணுகூட மாறினதில்ல. ஏன் தெரியுமா? பெத்தவ சொன்னாலும் நம்ப மாட்டேன். குழந்தை கையில கட்டின நம்பர்ப் பட்டையைப் பாத்துட்டுத்தான் கொடுப்பேன். ஒரு இரும்புத் துண்டுக்கு உன்னால அது முடியல!”

“இரும்புத் துண்டுன்னு சொல்லாதீங்கம்மா” என்றார் கப்பல்காரர் வருத்தத்தோடு.

“நீங்க சும்மா இருங்க சார். உங்க வண்டியிலயும்தானே மாறியிருக்கு? நீங்க என்ன செஞ்சீங்க?”

“நான் கப்பல்ல இருந்தேன். இவர் எடுத்ததுபோக மிச்சம் இருந்ததை எனக்கு மாட்டிட்டான்.”

மேட்ரன் அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். “சரி. மாறினது மாறிப்போச்சு. ஹோட்டல்காரர் பூந்தொட்டி வைக்கத்தானே வாங்கறாரு? எந்த எஞ்சினா இருந்தா அவருக்கு என்ன? ஏறுடா.”

தம்பி ஏறவில்லை.

“முடியாதுக்கா.”

“என்னடா முடியாது?”

“இது சாரோட எஞ்சின். அடுத்தவங்க பொருளை நம்மதுன்னு சொல்லி விக்கச் சொல்றியா? நீயா சொல்ற? ஸ்கூல்ல எவனோ விட்டுட்டுப் போன பென்சிலை நான் எடுத்துட்டு வந்தப்ப, மழையில என்னை இழுத்துட்டுப் போய்க் கொடுக்க வெச்சவ நீதானே?”

மேட்ரன் அக்கா ஏறுவதற்காகத் திறந்த கதவைச் சாத்தினார். அவர் சொல்லி வளர்த்ததையே அவருக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்திவிட்டான் படுபாவி. இன்றைக்கு விற்காவிட்டால் ஆடிட்டர் முன்னால் கொடுத்த வாக்குப் போகும். விற்றால் கை சுத்தம் போகும். இரண்டும் இந்தக் குடும்பத்தில் இதுவரை போனதில்லை.

“அப்ப ஒண்ணு பண்ணு. எஞ்சினைக் கழட்டி இவருக்குக் கொடுத்துடு. வெறும் வண்டியை ஹோட்டலுக்குக் கொடு. பூந்தொட்டிக்கு எஞ்சின் எதுக்கு?”

“சார் வண்டியில இருக்கற என் எஞ்சின்?”

“அது உன்கிட்ட வரும்.”

“அதாவது கார் போயிடும். எஞ்சின் வீட்டுக்கு வரும்.” தம்பி கொஞ்சம் யோசித்தான். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. “ஹால்ல ஜன்னலுக்குக் கீழ வெச்சா...”

“வாயை மூடுடா!”

பெட்ரோல் போட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொது இடத்தில் குரல் உயர்த்தியதற்காக மேட்ரன் அக்காவுக்குத் தன்மீதே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலைக் கப்பல்காரர் பக்கம் திருப்பினார்.

“உங்க வீட்டுல இதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?”

கப்பல்காரர் தொப்பியைக் கையில் சுழற்றினார். “சொல்லிட்டுத்தான் இருந்தா. கப்பல்லேர்ந்து வந்தா ஷெட்டுக்குப் போயிடறீங்கன்னு. அப்புறம் ஒரு காலத்துல சொல்றதை நிறுத்திட்டா. பழகிடுச்சு போலன்னு நினைச்சு நான் சந்தோஷப்பட்டேன்.”

“இப்ப?”

“எங்க பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா. நல்லாத்தான் இருக்கா. நான் ஃபோன் பண்ணினா பேரப்பிள்ளைங்ககிட்டக் கொடுத்துடுவா.”

தம்பியின் கையில் இருந்த கம்பி அப்படியே நின்றது. மேட்ரன் அக்கா அதைப் பார்த்தார். பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சற்று நேரம் கழித்துத் தம்பி ஃபோனை எடுத்தான். யாரும் சொல்லாமல், தானே ஹோட்டல் முதலாளியைக் கூப்பிட்டான். எஞ்சின் மாறியிருப்பதைச் சொன்னான். வேறொருவர் பொருளை விற்க முடியாது, அதை மாற்றி முடித்ததும் வண்டி கட்டாயம் உங்களுக்குத்தான் என்றான். அந்தப் பக்கம் என்னவோ காரமாகச் சொன்னார்கள். “நீங்க சொல்றது சரிதான் சார். தப்பு என்னோடதுதான்” என்று ஒப்புக்கொண்டான்.

வைத்துவிட்டு, “அக்கா, அவகிட்டப் போய் உள்ளதைச் சொல்லு. நான் இப்ப வந்தா நல்லா இருக்காது” என்றான்.

“எதுல போறது? பதினோரு மணிக்கு நான் அங்க இருக்கணும்.”

தம்பி காரைக் கிளப்பப் பார்த்தான். சூடான எஞ்சின் இருமிற்று, மூச்சு வாங்கிற்று, அடங்கிவிட்டது. டாக்ஸிக்கு ஃபோன் செய்தால், அரை மணி ஆகும் என்றார்கள்.

“நான் கொண்டுபோய் விடறேம்மா” என்றார் கப்பல்காரர். “எனக்கும் இதுல பங்கு இருக்கே.”

பணியில் இருந்த காலம் முழுக்க ஒரு நாள்கூட நேரம் தவறாதவர் மேட்ரன் அக்கா. வாக்கில் பாதி போய்விட்டது. நேரமாவது நிற்கட்டும் என்ற ஒரே நினைப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். காற்று தலைமுடியைக் கலைத்தது. ஆடிட்டரிடம் எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தார். தாம் எதில் ஏறி வருகிறோம் என்பது, கார் அந்தத் தெருவுக்குள் திரும்பி, அதன் இருமல் இரண்டு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பியபோதுதான் உறைத்தது.

“நிறுத்துங்க! இங்கயே நிறுத்துங்க. நடந்து போறேன்.”

“நிறுத்தறேம்மா. ஆனா இந்த பிரேக்குக்குக் கொஞ்சம் முன்னாடியே சொல்லணும்” என்றார் கப்பல்காரர். கார் நிதானமாக உருண்டு ஆடிட்டர் வீட்டு வாசலுக்கு நேரே போய் நின்றது.

மாடி பால்கனியில் ஆடிட்டர் காபிக் கோப்பையோடு நின்றிருந்தார். கீழே பார்த்தார். கோப்பையைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார்.

“அடடே! வாக்கு வந்தாச்சா? சத்தத்தோட வந்தாச்சா?”

வாசல் கதவு திறந்தது. தம்பி மனைவி பெட்டியோடு வந்தாள். தலை வாரி, நல்ல செருப்புப் போட்டுக் கிளம்பத் தயாராகத்தான் வந்தாள். காரைப் பார்த்ததும் அவள் முகத்தில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கியது. ஓட்டுகிறவரைப் பார்த்தாள். மறுபடி காரைப் பார்த்தாள்.

“அக்கா... இது நம்ம காரா?”

இல்லை என்று சொல்லலாம். வண்டி எண் வேறு, சொந்தக்காரர் வேறு. சட்டப்படி அது பொய்யும் இல்லை. மாடியில் இருக்கிறவன் வாயும் அடைத்துப் போகும். மேட்ரன் அக்கா காரைவிட்டு இறங்கி, முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

“பாதி” என்றார்.

“பாதின்னா? எந்தப் பாதி?” வகுப்பில் விடையை மட்டும் எழுதி வழியை எழுதாத பிள்ளையைக் கேட்கிற குரல்.

சொன்னார். தெருவில் நின்று, பால்கனி கேட்க, அக்கம்பக்கத்து ஜன்னல்கள் கேட்க, பட்டறையில் தம்பி அழகான எஞ்சினைக் காட்டியதிலிருந்து ஹால் ஜன்னல் வரைக்கும் ஒன்றைக்கூட விடாமல் சொன்னார். “கார் இன்னும் விக்கல. நான் கொடுத்த வாக்கு இன்னிக்கு நிறைவேறல. அதைச் சொல்லத்தான் வந்தேன்” என்று முடித்தார். அவர் காது இரண்டும் சுட்டன.

தம்பி மனைவி பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தாள்.

“ஹோட்டல்காரருக்கு யாரு ஃபோன் பண்ணினாங்க? நீங்களா?”

“அவனேதான்.”

“தப்பு என்னோடதுன்னு சொன்னாரா? அவரு வாயால?”

“சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“இப்ப எங்க இருக்காரு?”

“பெட்ரோல் பங்க்ல. வண்டி கிளம்பல.”

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். காரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். மேட்ரன் அக்கா இறங்கிய இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

“சார், அந்தப் பங்க்குக்குப் போங்க.”

“நில்லும்மா, நானும் வரேன்” என்றார் மேட்ரன் அக்கா.

“எங்கக்கா உக்காருவீங்க? இதுல இருக்கறது ரெண்டே சீட்டு. இத்தனை வருஷமா நானும் அதைத்தானே சொல்றேன்?”

திட்டப் போகிறாளா, சேரப் போகிறாளா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. கப்பல்காரர் ஒருதரம் மேட்ரன் அக்காவைப் பார்த்தார், ஒருதரம் பக்கத்து இருக்கையைப் பார்த்தார், ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். பச்சைக் கார் இருமிக்கொண்டே தெருமுனையில் மறைந்தது.

வாசலில் மேட்ரன் அக்காவும் பெட்டியும் மிஞ்சினார்கள்.

“அக்கா!” பால்கனியிலிருந்து ஆடிட்டர் குனிந்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. “பெட்டி? திரும்ப உள்ள எடுத்து வெக்கறதா? இல்ல, உங்களுக்கு ஒரு டாக்ஸி சொல்லட்டுமா?”

மேட்ரன் அக்கா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். நல்ல கனம். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வெறிச்சோடிக் கிடந்த தெருமுனையைப் பார்த்தபடி நின்றார்.